தொட்டிக்கு முளைத்த தாடி

அந்தச் சலூனில் கத்தரிக்கோல் படாத பொருள் என்று எதுவுமே கிடையாது.

வாசல் திரைச்சீலையில் ஒரு நூல் பிரிந்து தொங்கினால் அப்பா வெட்டிவிடுவார். விளக்குமாறு ஒரு பக்கம் நீண்டுவிட்டால் சமமாக வெட்டிவிடுவார். துண்டுகளின் ஓரத்தில் குஞ்சம் இருக்கும் அல்லவா? வாங்கி வந்த அன்றே அது காணாமல் போய்விடும்.

"எது தொங்கினாலும் எனக்குக் கை அரிக்குது" என்பார்.

மகளின் பெயரையும் அவர் விட்டுவைக்கவில்லை. எதையும் ஓட்டமும் நடையுமாகச் செய்வதால் வீட்டில் அவளுக்கு 'அவசரக்குடுக்கை' என்று பெயர் விழுந்தது. "இவ்வளவு நீளம் எதுக்கு?" என்று அப்பா அதில் முன்பாதியை வெட்டினார். அன்றிலிருந்து அவள் வெறும் குடுக்கை.

ஆனால் அப்பாவிடம் ஒரு கண்டிப்பான பழக்கம் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் "எப்படி வெட்டணும்?" என்று கேட்காமல் கத்தரிக்கோலைத் தூக்க மாட்டார். தூங்குகிறவரையும் எழுப்பிக் கேட்பார். அம்மா மடியில் உட்கார்ந்து அழுகிற கைக்குழந்தையிடமும் கேட்பார். 'கேட்ட பிறகுதான் கத்தரி' என்று ஒரு பலகையே எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார்.

குடுக்கைக்குப் பதினோரு வயது. அவளுக்குச் சொந்தமாக ஓர் ஆறு இருந்தது.

நிஜமாகத்தான். சலூன் ஜன்னலை ஒட்டிய மேடையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. வீடு மாறிப் போன வாடிக்கையாளர் ஒருவர் விட்டுச்சென்றது. அதில் பாதிக்குமேல் தண்ணீர். பின்பக்க விளிம்பில் ஓட்டை போட்ட குட்டிக் கூடைகள் வரிசையாகத் தொங்கின. அவற்றில் மணிபிளான்ட், ஸ்பைடர் பிளான்ட், வெள்ளைப் பூ பூக்கும் பீஸ் லில்லி. இலையெல்லாம் தண்ணீருக்கு மேலே, வேரெல்லாம் தண்ணீருக்குள்ளே. வேர்களுக்கு நடுவில் ஆறு கப்பி மீன்கள் வாலை விசிறிக்கொண்டு திரிந்தன.

தொட்டி வைத்த முதல் நாள், முகச்சவரம் செய்துகொள்ள வந்த தபால்காரர் அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஆத்தங்கரையில ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டு வந்த மாதிரி இருக்கே. இதுக்கு என்னம்மா பேரு?"

"அதேதான் மாமா, ஆத்தங்கரைத் தொட்டி. இங்கிலீஷ்ல ரிப்பேரியம்."

"ரிப்பேரா? இன்னைக்குத்தானே வச்சே, அதுக்குள்ளயா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குடுக்கையும் சிரித்தாள். அவளுக்கு அன்று எதைக் கேட்டாலும் சிரிப்பு வந்தது.

மீன்கடை அக்கா சொன்னபடிதான் எல்லாவற்றையும் செய்திருந்தாள். "மீன் சாப்பிடும், தண்ணியில கழிவு போடும். அந்தக் கழிவை வேர் உறிஞ்சிக்கும். தண்ணி சுத்தமா இருக்கும். வேர்தான் உனக்கு மோட்டார், புரியுதா?" என்று அக்கா சொல்லியிருந்தார்.

நன்றாகப் புரிந்தது. தொட்டிக்குத்தான் புரியவில்லை.

இரண்டு வாரம் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. மூன்றாவது வாரம் லேசாகப் பச்சை தட்டியது. ஐந்தாவது வாரம் மீன்களையே காணோம். கண்ணாடியை ஒட்டி வந்தால் மட்டும் ஒரு வால் தெரியும்.

குடுக்கையின் அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். தினமும் நாலு பத்துக்கு அவருடைய பேருந்து சலூனைத் தாண்டிப் போகும். மீன்களுக்காக ஒரு சின்ன ஹாரன் அடித்துவிட்டுப் போவார்.

"இன்னைக்கு ஹாரன் அடிச்சேன். மீனுக்கா, பாசிக்கான்னு எனக்கே சந்தேகமாப் போச்சு" என்றார் அன்று வீட்டுக்கு வந்ததும்.

அப்பா தொண்டையைச் செருமினார். "குடுக்கை, சனிக்கிழமை கண்ணாடிக்காரர் அளவெடுக்க வர்றாரு. தொட்டி இருக்கிற சுவர் முழுக்க ஒரே முகக்கண்ணாடியாப் போடலாம்னு இருக்கேன்."

"அப்ப தொட்டி?"

"தண்ணி தெளிஞ்சா தொட்டி அங்கயே இருக்கட்டும், கண்ணாடியைச் சின்னதாப் போட்டுக்கலாம். இப்படியே கிடந்தா மீன்கடைக்கே திருப்பிக் கொடுத்துடலாம். வர்றவங்க பாசிக்குளத்தைப் பாத்துக்கிட்டேவா முடி வெட்டிக்குவாங்க?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள்.

திங்கட்கிழமை குடுக்கை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினாள். செவ்வாய்க்கிழமை மீன்களின் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். புதன்கிழமை, வெயில் படாமல் இருக்க ஜன்னல் பக்கக் கண்ணாடியில் பழைய செய்தித்தாளை ஒட்டினாள். தபால்காரர் அந்த வழியாகப் போனபோது நின்று முழுப் பக்கத்தையும் படித்துவிட்டு, "எல்லாம் போன மாசத்துச் செய்தி" என்று குறைசொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர் பச்சையாகவே இருந்தது.

வியாழக்கிழமை தன் நோட்டைப் புரட்டினாள். வாரம் ஒரு முறை வேர்களை அளந்து எழுதிவைப்பது அவள் வழக்கம். சலூனில் கைக்குக் கிடைப்பது சீப்பு என்பதால் அளவுகோலும் சீப்புதான்.

'இரண்டாம் வாரம்: அரைச் சீப்பு. மூன்றாம் வாரம்: அரைச் சீப்பு. நான்காம் வாரம்: அரைச் சீப்பு.'

"ஏன்க்கா எல்லாம் அரைச் சீப்பு?" என்றான் பக்கத்திலிருந்த தம்பி. ஆறு வயது. வீட்டில் அவன் பெயர் கேள்வி. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"வேர் வளரலைடா."

"நம்ம வீட்டு சமையலறை பாட்டில்ல இருக்கிற மணிபிளான்ட் மட்டும் ஏன் வளருது?"

குடுக்கை சட்டென்று எழுந்தாள். சீப்போடு வீட்டுக்கு ஓடினாள். பாட்டிலில் இருந்த வேரை அளந்தாள். ஒன்றரைச் சீப்பு! அதே செடியிலிருந்து ஒடித்து வைத்ததுதான் சலூன் தொட்டியில் இருப்பதும். அங்கே மட்டும் அரைச் சீப்போடு நின்றுவிட்டது.

வேர்தான் மோட்டார். மோட்டாரே அரை மோட்டாராக இருந்தால் தண்ணீர் எப்படித் தெளியும்? ஆனால் ஏன் வளரவில்லை? மீன்கள் கடித்துவிடுகின்றனவா?

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் தொட்டிக்கு முன்னால் ஒரு மணிநேரம் உட்கார்ந்தாள். எந்த மீனும் வேரைக் கடிக்கவில்லை. கேள்விதான் பதினேழு கேள்வி கேட்டான்.

சனிக்கிழமை காலை. கண்ணாடிக்காரர் பத்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மணி பத்தாகிவிட்டது.

சலூன் நிரம்பி வழிந்தது. பெஞ்சில் மூன்று பேர். நாற்காலியில் தபால்காரர், கழுத்துவரை வெள்ளைத் துணி, முகத்தில் சோப்பு நுரை. முகவரி படிக்கப் பயன்படுத்தும் தடித்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேடையில் வைத்திருந்தார்.

குடுக்கையின் கண் அதில் விழுந்தது.

"மாமா, உங்க மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோம்மா. சவரம் முடியறவரைக்கும் எனக்கு உலகமே தேவையில்லை."

அவள் அதைத் தொட்டியின் கண்ணாடியருகே பிடித்து, இன்னொரு கையால் டார்ச் அடித்தாள். பச்சைத் தண்ணீருக்குள் வேர்நுனி பெரிதாகத் தெரிந்தது.

நுனி, நுனிபோல இல்லை. வளர்கிற வேரின் முனை ஊசிபோல மெலிந்திருக்கும். இது மொட்டையாக இருந்தது. பக்கத்து வேரும் மொட்டை. அதற்கடுத்ததும் மொட்டை. ஒவ்வொன்றும் நறுக்கென்று, கோடு போட்டதுபோல.

யாரோ வெட்டியிருக்கிறார்கள்!

"டேய்" என்று தம்பியை மூலைக்கு இழுத்தாள். "உன் ஸ்கூல் கத்தரிக்கோலை எடு."

கேள்வி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மஞ்சள் பிளாஸ்டிக் கத்தரிக்கோல்.

"இதால வேரை வெட்டினியா?"

"இது பேப்பரையே வெட்டாதுக்கா. கடிக்கத்தான் செய்யும்" என்றான் அவன் வருத்தமாக. "ஏன்க்கா?"

 அவள் தம்பியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் ஒட்ட, நடுவில் கொஞ்சம் நீளம். திரும்பி வேர்களைப் பார்த்தாள். ஓரத்தில் ஒட்ட, நடுவில் கொஞ்சம் நீளம். தபால்காரரின் பின்னந்தலையைப் பார்த்தாள். அதுவும் அப்படியே.

எல்லாம் ஒரே கைவேலை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா அதிகாலையில் வந்து சலூனைக் கூட்டித் துடைப்பார். அப்போது தொட்டியில் வேர்கள் தொங்கியிருக்கும். அப்பாவுக்குக் கை அரித்திருக்கும்.

"அப்..." என்று வாயைத் திறந்தாள்.

பெஞ்சில் இருந்த மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நாற்காலியில் இருப்பவரோ தபால்காரர். பத்து மணிக்கு அவர் காதில் விழுவது, மாலைக்குள் கடிதங்களோடு சேர்ந்து எல்லா வீட்டுக்கும் போய்விடும். அப்பாவின் கத்தரிக்கோலைப் பற்றி அந்தத் தெருவில் இதுவரை ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை.

குடுக்கை தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தை விழுங்கினாள். அது மாத்திரைபோலத் தொண்டையில் நின்றது.

என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் டார்ச்சை அடித்தாள். வெளிச்சம் தொட்டியின் கடைசி மூலைக்குப் போனது. அங்கே விளக்கு ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஸ்பைடர் பிளான்ட். அந்த இடுக்குக்குள் கை நுழையாது. அதனால் அதன் வேர் மட்டும் நீண்டு, அடர்ந்து, வெள்ளைத் தாடிபோல அடிவரை இறங்கியிருந்தது.

தாடிக்குள் ஒரு காற்புள்ளி அசைந்தது.

குடுக்கை டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்தாள். காற்புள்ளிக்கு இரண்டு கண்கள் இருந்தன. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே மூன்று. வேருக்கு வேர் ஒளிந்து ஒளிந்து...

குஞ்சுகள்! மீன்குஞ்சுகள்!

அவளுக்குக் காதெல்லாம் சூடானது. குதிக்க வேண்டும்போல இருந்தது. 'ஏழு, எட்டு, ஒன்பது...' என்று எண்ணும்போதே பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

கிச், கிச்.

கத்தரிக்கோலைக் காற்றில் அசைத்துக்கொண்டே அப்பா வந்துகொண்டிருந்தார். தபால்காரரின் ஒரு கன்னத்தை முடித்துவிட்டு, மறு கன்னத்தை நுரையில் ஊறவிட்டிருந்தார்.

"கொஞ்சம் நகரு குடுக்கை. கண்ணாடிக்காரர் வர்றதுக்குள்ள இந்த மூலையையும் ஒதுக்கிவிட்டுடறேன். விளக்கை நகர்த்தினாத்தான் கை எட்டும்னு அது ஒண்ணை மட்டும் இத்தனை நாளா விட்டுவச்சிருந்தேன். பாரு, எப்படித் தொங்குது."

அவர் விளக்கு ஸ்டாண்டை ஒரு கையால் நகர்த்தினார். மறு கை தண்ணீரை நோக்கி இறங்கியது.

கத்திவிடலாம். 'நீங்கதான் எல்லாத்தையும் கெடுத்தீங்க' என்று கத்தினால் கை நின்றுவிடும். பெஞ்சும் கேட்கும், தெருவும் கேட்கும்.

குடுக்கையின் கண் சுவரில் இருந்த பலகைக்குப் போனது.

"அப்பா" என்றாள், முடிந்தவரை அமைதியாக. "வாடிக்கையாளரைக் கேட்டீங்களா?"

கத்தரிக்கோல் தண்ணீருக்கு ஒரு விரல் மேலே நின்றது.

"யாரைக் கேக்கணும்?"

"எப்படி வெட்டணும்னு. கேக்காம நீங்க வெட்ட மாட்டீங்கள்ல?"

"செடியையா கேக்கணும்?" அப்பா சிரித்தார்.

"செடியை இல்லப்பா. உள்ள இருக்கிறவங்களை."

அவள் மூக்குக்கண்ணாடியை நீட்டினாள். டார்ச்சை அடித்தாள். அப்பா குனிந்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. கண்ணைச் சுருக்கினார். பிறகு அவருடைய புருவம் மெதுவாக மேலே ஏறியது.

"ஒண்ணு... ரெண்டு... ஏய், இது என்னது?"

"குஞ்சுங்கப்பா. பெரிய மீனுங்க பாத்தா தின்னுடும். ஒளியறதுக்கு இந்த ஒரு வேருதான் நீளமா இருக்கு."

அப்பா கத்தரிக்கோலைச் சட்டைப் பைக்குள் போட்டார். கூர்ப்பக்கம் மேலே இருப்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

"மத்ததெல்லாம்..." என்று ஆரம்பித்தார். வரிசையாக, அழகாக, ஒரே சீராக நின்ற வேர்களைப் பார்த்தார். பச்சைத் தண்ணீரைப் பார்த்தார்.

குடுக்கை அவர் காதருகே போனாள். "வேருதான்ப்பா தண்ணியைச் சுத்தம் பண்ணுது."

"அப்ப பச்சையானது..." அப்பாவும் கிசுகிசுத்தார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். "யார்கிட்டயும் சொல்லலப்பா."

அப்பா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். எதையும் அடக்கிவைக்கத் தெரியாத பெண்; வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணைத் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருகிற பெண்.

"என்ன ரகசியம் அங்க?" என்றார் தபால்காரர். மூக்குக்கண்ணாடி இல்லாததால் அவர் முகத்தைத் திருப்பிய பக்கம் வெறும் சுவர்தான் இருந்தது.

அப்பா நிமிர்ந்தார். "ஒண்ணுமில்லண்ணே. தொட்டிக்குத் தாடி முளைச்சிருந்துச்சு. நான் பாட்டுக்கு வாரா வாரம் வெட்டிட்டு இருந்தேன். கேக்காமலே. அதனாலதான் தண்ணி பச்சையாயிருக்கு."

 தபால்காரர் நுரை பறக்கச் சிரித்தார். பெஞ்சும் சிரித்தது. எல்லோரையும்விட அப்பாதான் அதிகம் சிரித்தார். குடுக்கையின் தொண்டையில் நின்றிருந்த மாத்திரை கரைந்து போனது.

"இருபது வருஷத்துல நீ கெடுத்த ஒரே தலை இதுதான் தம்பி" என்றார் தபால்காரர். "என் மூக்குக்கண்ணாடியைக் குடு, நானும் பாக்கணும்."

"மறு கன்னம் பாக்கியிருக்குண்ணே."

"அது எங்க போயிடப் போகுது? குஞ்சு போயிடும்."

அவர் வெள்ளைத் துணியோடு எழுந்து வந்தார். பெஞ்சில் இருந்தவர்களும் வந்தார்கள். ஒரே ஒரு மூக்குக்கண்ணாடி. அதனால் வரிசை. ஒருவர் பதினொன்று என்றார், இன்னொருவர் பதின்மூன்று என்றார். "ஏன் ஒண்ணுகூட அசையாம இருக்க மாட்டேங்குது?" என்றான் கேள்வி. அவனை அப்பா தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்.

சரியாகப் பத்தரைக்குக் கண்ணாடிக்காரர் அளவு நாடாவோடு உள்ளே வந்தார். நாற்காலி காலியாக இருந்தது. மூலையில் கூட்டமாக இருந்தது. அரைமுகம் நுரையோடு ஒருவர் நின்றிருந்தார்.

"என்னங்க, வரிசை எதுக்கு?"

"பிரசவம் பாக்க" என்றார் தபால்காரர். "நீங்க கடைசி. எனக்குப் பின்னாடி நில்லுங்க."

கண்ணாடிக்காரரும் நின்று பார்த்தார். பார்த்து முடித்ததும் நாடாவை விரித்தார். "சுவர் முழுக்கத்தானே?"

குடுக்கை அப்பாவைப் பார்த்தாள். தண்ணீர் இன்னும் தெளியவில்லை. சொன்ன சொல் சொன்ன சொல்தான். அவளுடைய ஒரு கை தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"தொட்டிப் பக்கம் ரெண்டு அடி வெட்டிடுங்க" என்றார் அப்பா.

"போன தடவை முழுச் சுவருன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். இப்ப வெட்டிடுங்க. கண்ணாடிக்கு என்ன, வேரா இருக்கு?"

குடுக்கை அதற்குமேல் எதையும் அடக்கவில்லை. குதித்தாள். அவள் குதித்ததில் மேடையிலிருந்த மூன்று சீப்புகள் கீழே விழுந்தன.

சமையலறைப் பாட்டிலில் இருந்த நீளவேர் மணிபிளான்ட்டை அன்றே கொண்டுவந்து தொட்டியில் வைத்தாள். மற்ற வேர்கள் முக்கால் சீப்பு ஆகின, ஒரு சீப்பு ஆகின. தண்ணீர் கரும்பச்சையிலிருந்து இளம்பச்சைக்கு வந்தது, பிறகு மஞ்சளுக்கு வந்தது. நாலாவது வாரம் ஒரு நாள் நாலு பத்துக்கு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு நீண்ட ஹாரன் கேட்டது. அம்மாவுக்குப் பேருந்திலிருந்தே மீன் தெரிந்துவிட்டது.

அப்பாவுக்குக் கை அரிப்பு மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தரிக்கோலோடு தொட்டிக்கு முன்னால் வந்து நிற்பார். இப்போதெல்லாம் குடுக்கையும் கேள்வியும் அந்த நேரத்துக்குச் சரியாக வந்துவிடுகிறார்கள்.

"எப்படி வெட்டணும்?" என்று அப்பா வேருக்கு அருகே குனிந்து மரியாதையாகக் கேட்பார். கொஞ்சநேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொள்வார்.

"ஏன்ப்பா, என்ன சொன்னாங்க?" என்பான் கேள்வி.

"தாடி வளர்க்கிறாங்களாம்டா" என்பார் அப்பா.